ஆர்.ஓ. தண்ணீரில் ஏறிய பச்சை

1. போன்

காலையில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஐசக் கூப்பிட்டான்.

“எக்கா, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கு. அந்த மீசை இறாலு செத்துக் கெடக்கு. நேத்து நீங்க ஊத்துன தண்ணில எதுவும்...” என்று இழுத்தான்.

“வாரேன்” என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஐசக், பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். அங்கே டயாலிசிஸ் அறைக்கும் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவில் பாதிச் சுவரை எடுத்துவிட்டு ஒரு பெரிய கடல்நீர் மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்து, வரும்போதெல்லாம் நாலு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்துக் கிடப்பவர்கள் மோட்டுவளையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று டாக்டரம்மா வைத்த தொட்டி. படுத்திருப்பவர்கள் மீன்களுக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள். ஓயாமல் சுற்றி வரும் நீல மீனுக்கு ‘இன்ஸ்பெக்டர்’. பூத்த தாமரை மாதிரி விரிந்திருக்கும் கடல் சாமந்திக்குள்ளேயே குடியிருக்கும் ஆரஞ்சு ஜோடிக்கு ‘புதுமாப்பிள்ளை, புதுப்பொண்ணு’.

அந்தத் தொட்டி என் பொறுப்பு. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து ஒரு பள்ளிக்கூட லேபில் சில காலம் இருந்தேன். வாழ்க்கைப்பட்ட வீட்டில் வண்ண மீன் கடை. கடையில் விற்பது எல்லாம் நன்னீர் மீன். கடல்நீர்த் தொட்டி கேட்டு வந்தவர்களை என் வீட்டுக்காரர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். தண்ணீரை டெஸ்ட் செய்யத் தெரியாமல் அதைத் தொடக்கூடாது என்பது அவர் கட்சி. எனக்குத் தெரியும், நான் தொடுகிறேன் என்று இறங்கியதுதான். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. திருநெல்வேலியில் கடல்நீர்த் தொட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அநேகமாக எல்லாவற்றுக்கும் நான்தான் போகிறேன்.

அது தாமிரபரணி ஊருக்குள் வந்து போன வாரம். மலையில் கொட்டிய மழையில் மணிமுத்தாறு உட்பட எல்லா அணைகளையும் திறந்துவிட்டார்கள். ஆற்றோர ஊர்கள் தண்ணீருக்குள் நின்றன. பாளையங்கோட்டை மேட்டில் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு ஆறு வரவில்லை. ஆனால் கரண்டும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. ஜெனரேட்டர் ஓடினாலும் தண்ணீர் இல்லாமல் டயாலிசிஸ் செய்ய முடியாது. ஓர் ஆளுக்கு ஒரு தடவைக்கே டிரம் டிரம்மாகச் சுத்தமான தண்ணீர் வேண்டும். அதனால் சில நாட்கள் யாருக்குமே நடக்கவில்லை. முந்தின நாள்தான் லாரித் தண்ணீர் வந்து சம்ப் நிறைந்தது. சாயங்காலம் ஒரு பேட்சுக்கு டயாலிசிஸ் ஓடியது. அதே ஆர்.ஓ. பிளான்டில் நானும் தண்ணீர் பிடித்து, உப்புக் கலந்து, தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை மாற்றிவிட்டு வந்திருந்தேன்.

போகும் வழியெல்லாம் ஐசக் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியம்தான் காதில் கேட்டது.

2. மஞ்சள், பச்சை

கூடத்துக்குள் கால் வைக்க இடமில்லை. முறை தவறிப்போனவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முகம் வீங்கியவர்கள், செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வந்தவர்கள். சீவலப்பேரியில் இருந்து மாடசாமி என்று ஒருவரை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். வயல் வேலை செய்கிறவர். படுக்க முடியாமல், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் எக்ஸ்ரே உறையால் அவருக்கு விசிறிக்கொண்டே தொட்டியைப் பார்த்தார்.

“எம்மா, மீனுக்கும் இவுகளுக்கும் ஒண்ணுபோல மூச்சு வாங்குதே” என்றார்.

உண்மைதான். இன்ஸ்பெக்டர் சுற்றுவதை நிறுத்திவிட்டு மேல்மட்டத்தில் சாய்ந்து நின்றது. ஆரஞ்சு ஜோடி தன் இடத்தை விட்டு வெளியே வந்திருந்தது. கடல் சாமந்தி சுருங்கி, நனைந்த துணி மாதிரி கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐசக் வரிசையாக மெஷின்களைத் தயார் செய்துகொண்டிருந்தான். மாடசாமியைத்தான் முதலில் உள்ளே அழைத்துப் போனார்கள்.

மீன் திணறும்போது கை முதலில் மருந்து பாட்டிலுக்குத்தான் போகும். போகவிடக்கூடாது. மருந்து ஊற்றிய பிறகு டெஸ்ட் செய்தால் மருந்தைத்தான் அளப்போம், தண்ணீரை அல்ல. நான் காற்றுக் குமிழ் விடும் கல் ஒன்றை மட்டும் கூடுதலாகப் போட்டுவிட்டு, டெஸ்ட் கிட்டைப் பிரித்துத் தரையில் உட்கார்ந்தேன்.

உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் தண்ணீரின் அடர்த்தி 1.025. சரி. சூடு சரி. பி.எச். எட்டை ஒட்டி, அதுவும் சரி. நைட்ரைட் இல்லை. கடைசியில் அமோனியா. சொட்டு விட்டுக் குலுக்கி அஞ்சு நிமிஷம் வைக்க வேண்டும். அமோனியா இல்லையென்றால் ட்யூப் மஞ்சளாக நிற்கும். இருந்தால் பச்சை ஏறும்.

பச்சை ஏறியது. இளம் பச்சை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர் இங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார். கரண்ட் இல்லாத நாட்களில் ஃபில்டரில் இருந்த நல்ல பாக்டீரியா செத்துவிட்டது, அமோனியா ஏறிவிட்டது, மீன் திணறுகிறது. கதை பொருத்தமாகத்தான் இருக்கும். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் இரண்டு விஷயம் இடித்தது. பாக்டீரியா செத்திருந்தால், நேற்று நான் தண்ணீர் மாற்றும் முன் பார்த்தபோதே பச்சை ஏறியிருக்க வேண்டும். நேற்று மஞ்சள். அடுத்தது, இந்த இளம் பச்சைக்கு மீன் கொஞ்சம் சோர்ந்து நிற்கலாம், ஒரே ராத்திரியில் இப்படிச் சாகக் கிடக்காது. எண் சிறியது. மீன் படும் பாடு பெரியது. இரண்டும் ஒட்டவில்லை.

நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவே தொட்டிக்குள் புதிதாக நுழைந்தவை உப்பும் தண்ணீரும் மட்டும்தான். ரிசப்ஷனில் இருந்த குடிதண்ணீர் கேனில் கொஞ்சம் பிடித்து அதில் என் உப்பைக் கலந்து பார்த்தேன். மஞ்சள். உப்பின் மேல் குற்றம் இல்லை.

பிளான்ட் அறைக்குப் போய், நான் எப்போதும் பிடிக்கும் அதே குழாயில் ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்து வந்தேன். சொட்டு விட்டேன். காத்திருந்தேன்.

பச்சை. தொட்டித் தண்ணீரைவிட அழுத்தமான பச்சை.

ட்யூப் அழுக்காக இருக்கும் என்று கேன் தண்ணீரில் நன்றாகக் கழுவி மறுபடி பார்த்தேன். கேன் தண்ணீர் மஞ்சள், ஆர்.ஓ. தண்ணீர் பச்சை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். அந்தப் பிளான்டில் இருந்து எத்தனையோ வருஷமாகத் தண்ணீர் பிடிக்கிறேன். ஒரு நாளும் நிறம் ஏறியதில்லை.

3. இரண்டாவது மாத்திரை

நாங்குநேரி போகிற ஹைவேயில் ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்துக்கும் நான்தான் தண்ணீர் பார்க்கிறேன். அதற்கான குளோரின் கிட் ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

அதில் இரண்டு மாத்திரை. முதல் மாத்திரை தண்ணீரில் தனியாக இருக்கிற குளோரினைக் காட்டும். இருந்தால் ரோஸ் நிறம் வரும். அதே ட்யூபில் இரண்டாவது மாத்திரையைப் போட்டால், அமோனியாவோடு சேர்ந்து மறைந்திருக்கிற குளோரினையும் காட்டும். அப்படிச் சேர்ந்ததற்குக் குளோரமின் என்று பெயர். அமோனியா டெஸ்டில் பச்சையாக வந்து ஆளை ஏமாற்றுவதும் இதுதான்.

முதல் மாத்திரை கரைந்தது. நிறமே இல்லை.

இரண்டாவது மாத்திரை பாதி கரையும் முன்பே ட்யூப் ரோஸ் ஆகிவிட்டது.

குளோரமின், மீன் வளர்ப்பவர்களுக்குப் பழைய எதிரி. செவுளை அரித்துவிடும். அப்போதும் என் நினைப்பு முழுக்கத் தொட்டியில்தான் இருந்தது. குளோரினை முறிக்கும் மருந்தை அளந்து தொட்டியில் ஊற்றினேன். இனி இந்தத் தண்ணீர் தொட்டிக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் ட்யூபைக் கையில் பிடித்துக்கொண்டு டயாலிசிஸ் அறைக் கதவைத் திறந்தேன்.

மாடசாமி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் இரண்டு ஊசியும் குத்தியாகிவிட்டது. ரத்தம் போகிற குழாயை ஊசியோடு இணைக்க ஐசக் குனிந்திருந்தான்.

“ஐசக்கு, ஒங்க ஆர்.ஓ. தண்ணில குளோரமின் வருது. தொட்டிக்கு இனிமே...”

அவன் நிமிர்ந்தான். என் கையில் இருந்த ட்யூபைப் பார்த்தான்.

“எங்க புடிச்சீங்க?”

“எப்பவும் புடிக்குத குழாயிலதான்.”

“கார்பன் ஃபில்டருக்கு முன்னாலயா, ஆர்.ஓ.வுக்குப் பின்னாலயா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா.”

“பின்னால.”

ஐசக் குழாயில் கிளாம்ப் போட்டான். “அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. ஊசியை அசைச்சிராதீங்க” என்று மாடசாமியிடம் சொன்னான். அடுத்த படுக்கைகளில் நின்ற நர்ஸுகளைப் பார்த்து, “யாரையும் கனெக்ட் பண்ணாதீங்க. யாரையும்!” என்று சத்தம் போட்டான். அவன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

பிளான்ட் அறைக்கு ஓடும்போதே சொன்னான். “காலைல பாத்தேனே எக்கா. எங்க குளோரின் ஸ்ட்ரிப் தீந்து போச்சு, கூரியர் வண்டி ஆத்துக்கு அந்தப் பக்கமே நிக்கு. இங்கன கடைல கெடைச்ச சொட்டு மருந்தை வாங்கிப் பாத்தேன். நிறமே வரல.”

“எனக்கும் மொத மாத்திரைல வரல. அந்தச் சொட்டும் தனிக் குளோரினை மட்டுந்தான் காட்டும்” என்றேன்.

டயாலிசிஸில் நோயாளியின் ரத்தம் ஒரு பக்கமும் தண்ணீர் மறுபக்கமும் ஓடும். நடுவில், டயலைசர் என்கிற குழலுக்குள், மெல்லிய சவ்வு. கழிவு அந்தச் சவ்வு வழியே தண்ணீருக்கு வரும். தண்ணீரில் குளோரமின் இருந்தால் அது அதே வழியில் ரத்தத்துக்குள் போகும். போனால் சிவப்பணுக்களை உடைக்கும். இதை அன்றைக்கு ஐசக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மீனின் செவுளுக்கு என்ன செய்யும் என்பது வரைதான் என் அறிவு. மாடசாமியின் ரத்தத்துக்கு என்ன செய்யும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் நான் நடந்து வந்தேன், அவன் ஓடினான்.

என் கிட்டை வாங்கி அவனே மறுபடி பார்த்தான். லாரித் தண்ணீர் நிற்கும் சம்ப், கார்பன் ஃபில்டருக்குப் பின்னால், ஆர்.ஓ.வுக்குப் பின்னால் என்று மூன்று இடம். மூன்றிலும் ரோஸ். வெள்ளத்தில் சாக்கடை கலந்த தண்ணீரில் யாரோ பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டி லாரியில் ஏற்றியிருக்க வேண்டும். ஆர்.ஓ. மெம்பரேன் உப்பைப் பிடிக்கும், குளோரமினைப் பிடிக்காது. அதைப் பிடிக்க வேண்டியது அதற்கு முன்னால் இருக்கும் கார்பன். லாரித் தண்ணீரில் வந்த அந்தச் சுமையில் கார்பன் தீர்ந்துபோய்விட்டது.

4. “ஏன் நிப்பாட்டுதீய?”

டாக்டரம்மா படியேறி வருவதற்குள் கூடத்தில் சத்தம் கிளம்பிவிட்டது.

“ஏலே, இத்தனை நாளு தண்ணி இல்லன்னிய. இன்னைக்குத் தண்ணி வந்தும் இல்லங்கியா? வெளையாடுதியா?” என்று ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

டாக்டரம்மா மூன்று ட்யூபையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. “நேத்து சாயங்காலம் பண்ணினவங்கள்ல ரெண்டு பேர் ராத்திரி போன் பண்ணாங்க. அடிவயிறு வலி, முதுகு வலின்னாங்க. இத்தனை நாள் டயாலிசிஸ் இல்லாம இருந்ததால இருக்கும்னு நெனச்சேன்” என்றார். ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. “நேத்து பண்ணின எல்லாரையும் உடனே வரச் சொல்லுங்க. வர முடியாதவங்களுக்கு ஆம்புலன்ஸ் அனுப்புங்க. ரத்தம் பாக்கணும்.”

பிறகு மாடசாமியிடம் வந்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கே மாடசாமியின் மூச்சில் களகளவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

“எம்மா, எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. மெஷினு ஓடுது, தண்ணி இருக்கு, ஊசியும் குத்தியாச்சு. ஏன் நிப்பாட்டுதீய? இவுக சாகட்டும்னா?”

“இந்தத் தண்ணியில போட்டா ரத்தம் ஒடஞ்சிரும்மா. காப்பாத்தத்தான் நிப்பாட்டியிருக்கோம்.”

“போடலன்னா?”

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. போட்டாலும் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து. அரசு மருத்துவமனைக்குப் போன் போட்டார்கள். அங்கேயும் வரிசை வாசல் வரை நிற்கிறது, அனுப்புங்கள், ஆனால் உடனே எடுப்போம் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

டாக்டரம்மா ஐசக்கைப் பார்த்தார். “தண்ணி பக்கத்தை அடைச்சிட்டு, நீரை மட்டும் இழுப்போம். முடியுமா?”

ஐசக்கின் கண்ணில் வெளிச்சம் வந்தது. “முடியும் மேடம். மெஷினை பைபாஸ்ல போட்டுட்டா தண்ணி டயலைசருக்கே வராது. புது டயலைசர் போடுதேன். சலைன்ல மட்டும் கழுவுதேன்.”

கழிவு வெளியேறாது. ஆனால் நுரையீரலை நிரப்பியிருந்த நீர் இறங்கும். மூச்சு விடலாம். அதற்குள் நல்ல தண்ணீர் தேட நேரம் கிடைக்கும். மாட்டியிருந்த டயலைசரைக் கழற்றி எறிந்துவிட்டு ஐசக் புதிதை மாட்டினான். பம்ப் சுற்றத் தொடங்கியது. அந்தக் குழாயில் ஏறிய ரத்தத்தின் நிறத்தையே எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இருண்ட சிவப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும் என்றான் ஐசக். பேச்சியம்மாள் கணவரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காத்திருந்த மற்றவர்களுக்கு வரிசையாக ஈ.சி.ஜி. எடுத்து, யாரால் எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்று டாக்டரம்மா பிரித்தார். நாலு பேரால் ரொம்ப நேரம் தாங்க முடியாது. அவர்களுக்கு மருந்து ஏற்றச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ராணிக்கா, குளோரின் படாத தண்ணி எங்க கிடைக்கும்? ஊர் ஊரா தண்ணி பாக்கறது நீங்கதான்.”

5. மூன்று கிணறு

ஆற்றுக்குப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் முங்கிப்போயிருந்தன. மேட்டுக் கிணறுதான் வேண்டும். ஆனால் அந்த வாரம் எந்தக் கிணற்றைப் பார்த்தாலும் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி மைக் கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னது சரிதான், காலரா வராமல் தடுக்க அதுதான் வழி. எங்களுக்குத்தான் அது ஆகாது.

மருத்துவமனை பிடித்துக்கொடுத்த காலி லாரியில் முன் சீட்டில் ஏறினேன். மடியில் கிட். கிளம்பும் முன் தொட்டியைப் பார்த்திருந்தேன். இன்ஸ்பெக்டர் இன்னும் சாய்ந்துதான் நின்றது. புதுப்பொண்ணு தரையில் படுத்துவிட்டது. இன்னொரு நாளாக இருந்தால் அந்த இடத்தை விட்டு அசைந்திருக்க மாட்டேன்.

முதல் கிணறு எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி வளாகத்தில். சுவரெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. மாத்திரை தேவையே இல்லை, மூக்குக்கே தெரிந்தது. இரண்டாவது கிணற்றில் குளோரின் இல்லை. மனசு துள்ளியது. ஆனாலும் அமோனியா பார்த்தேன். பச்சை. பக்கத்துக் கழிவுநீர் இறங்கியிருக்கிறது.

“எக்கா, பாக்க கண்ணாடி மாரில்லா இருக்கு? ஏத்திட்டுப் போயிருவமா?” என்றார் லாரிக்காரர்.

“கண்ணாடி மாரி இருந்த தண்ணியாலதான் அண்ணாச்சி இங்கன நிக்கோம்” என்றேன். அவர் வண்டியை எடுத்தார்.

ஹைவேயில் நாங்குநேரி திசையில் போய், மேட்டில் ஒரு தென்னந்தோப்புக்குள் திரும்பச் சொன்னேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை காந்திமதி டீச்சரின் தோப்பு. அவர் பேரனின் மீன் தொட்டிக்காக அந்தக் கிணற்றை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். நல்ல தண்ணீர், கொஞ்சம் கடின நீர், அவ்வளவுதான்.

வண்டி நிற்கும்போதே பார்த்தேன். டீச்சர் கிணற்று மேடையில் ஒரு வாளியோடு நின்றார். வாளிக்குள் வெள்ளைக் கரைசல்.

“டீச்சர், ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க!” கதவைத் திறந்து குதித்தேன். சேலை எதிலோ மாட்டிக் கிழிந்தது.

“யாரு? எதுக்கு இப்படிச் சத்தம் போடுத?” வாளி அவர் கையில் சாய்ந்தபடியே நின்றது. “பஞ்சாயத்துல குடுத்துட்டுப் போனாவ. கலக்கி வச்சிட்டேன்.”

“ஊத்திட்டீங்களா?”

“இனிமேத்தான்.”

மேடையிலேயே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டு முடித்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தோப்புக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, “நான் மோட்டாரைப் போடுதேன். நீ பைய மூச்சு வாங்கு” என்றார்.

முதல் மாத்திரையில் நிறமில்லை. இரண்டாவதிலும் நிறமில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாத்திரைதான் நமுத்துப்போனதோ என்று டீச்சரின் வாளியில் ஒரு சொட்டை எடுத்து அதே ட்யூபில் விட்டேன். குப்பென்று ரோஸ் ஆனது. மாத்திரை வேலை செய்கிறது. தண்ணீர்தான் சுத்தம். அமோனியாவும் மஞ்சள். அந்த மஞ்சள் நிறத்தை அன்று பார்த்த மாதிரி நான் எந்த நிறத்தையும் பார்த்ததில்லை.

லாரியின் டேங்க்கை முதலில் அந்தத் தண்ணீரிலேயே இரண்டு தடவை அலசி ஊற்றிவிட்டு நிரப்பினோம்.

6. நல்ல தண்ணீர்

நாங்கள் திரும்புவதற்குள் ஐசக் சம்பைக் காலி செய்து கழுவி, கார்பன் ஃபில்டரை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவி வைத்திருந்தான். கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்த்து, அதைக் குறைக்கும் சாஃப்ட்னருக்கு உப்புக் கூட்டினான். கிருமி இருந்தால் என்று டாக்டரம்மா கேட்டார். ஆர்.ஓ.வும் அதற்குப் பின்னால் இருக்கும் நுண் ஃபில்டரும் அதைப் பிடித்துவிடும், குளோரமினைத்தான் அவை பிடிக்காது என்றான். பைப்புகளில் தேங்கிய பழைய தண்ணீர் எல்லாம் வெளியேறும் வரை ஓடவிட்டான்.

வெயில் தாழ்ந்த பிறகு கடைசி டெஸ்ட். அவன் ஒரு ட்யூப், நான் ஒரு ட்யூப். அவன் பார்த்ததை நானும் நான் பார்த்ததை அவனும் மாற்றிப் பார்த்தோம். இரண்டிலும் நிறமில்லை. காத்திருந்து மறுபடி பார்த்தோம். நிறமில்லை.

“போடுங்க” என்றார் டாக்டரம்மா.

தாங்க முடியாதவர்கள் நாலு பேரும் முதலில் ஏறினார்கள். மாடசாமியைப் பைபாஸில் இருந்து மாற்றி முழு டயாலிசிஸ் போட்டார்கள். நீர் இறங்கிய பிறகு அவர் முதல் தடவையாகத் தலையணையில் தலை சாய்த்துப் படுத்தார். பேச்சியம்மாள் என்னிடம் வந்து, கிழிந்திருந்த என் சேலைத் தலைப்பை மடித்து ஊக்கு குத்திவிட்டார்.

முந்தின நாள் டயாலிசிஸ் செய்துகொண்ட எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். சிலருக்கு ரத்த அளவு இறங்கியிருந்தது. ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. எல்லாரும் பிழைத்தார்கள்.

தொட்டியில் ஆரஞ்சு ஜோடி இரண்டும் செத்துப்போயின. கடல் சாமந்தி கரைந்துவிட்டது. நீல மீன் மட்டும் பல நாள் தள்ளாடி, பிறகு பழையபடி சுற்ற ஆரம்பித்தது. வருஷக்கணக்கில் வளர்த்துப் பழக்கிய உயிர்கள். மறுநாள் அவற்றை வலையில் எடுத்தபோது அழுதேன். அதைச் சொல்லுவதில் எனக்கு வெட்கமில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அன்றைய நாளில் இருந்து சொல்ல எனக்கு இருப்பவை கொஞ்சம்தான். ட்யூபில் நிறம் வரவில்லை என்றால் தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த மருந்து எதைத் தேடியதோ அது இல்லை, அவ்வளவுதான். எண்ணும் மீனும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்றால் மீனை நம்புங்கள். உப்பு, தண்ணீர், ட்யூப், மருந்து என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். நல்ல முடிவு வந்தாலும், கெட்ட தண்ணீரில் அந்த மருந்து நிறம் காட்டுகிறதா என்று சரிபார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்.

இதெல்லாம் வேலை செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும். ஒன்று மட்டும் தானாக வராது. அன்று நான் ட்யூபோடு அந்தக் கதவைத் திறந்தது மீனைப் பற்றிச் சொல்லத்தான். ஐசக் அங்கே இல்லாமல், வாசலில் இருக்கும் யாரிடமாவது “தொட்டிக்கு இந்தத் தண்ணி வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். இப்போதெல்லாம் எந்தத் தொட்டிக்குப் போனாலும், கிட்டைப் பிரிக்கும் முன் ஒரு கேள்வி கேட்கிறேன். “இந்தக் குழாயில இருந்து வேற எங்கெல்லாம் தண்ணி போகுது?”